கட்டை போட மறுத்தவர்

இறைவனுக்கு அஞ்சி நடப்பவனுக்கு இம்மையில் நலமும் மறுமையில் பேரின்பமும் தப்பாது வாய்க்கும். அவன் நிற்கும் மண் செழிக்கும். அவன் வாழும் ஊரைத் துன்பம் அணுகாது. இது ஆன்றோர் கண்ட முடிவு. ஆலடிமங்கலம் பயந்தீர்த்த நாதர் கோயிலின் முன்வாசலில் இதைக் கருங்கல்லில் வெட்டிப் பதித்திருந்தார்கள். ஊரார் செருப்பைக் கழற்றிப் போடுவது அந்தக் கல்லின் மேல்தான்.

கல்லைப் பதித்துக் கொடுத்தவரின் பெயர் வாசகத்தைவிடப் பெரிய எழுத்தில் கீழே இருந்தது. செருப்புகள் பெயரின் மேல் விழாமல் வாசகத்தின் மேலேயே விழும்படி ஊரார் பார்த்துக்கொண்டார்கள். பெயருக்கு உரியவர் உயிரோடு இருந்தார், கோபக்காரர். வாசகத்துக்கு உரியவரைக் கண்ணால் கண்டவர் யாரும் இல்லை.

அந்த வாசகத்தை எழுத்துக்கூட்டவும் தெரியாத ஒருவர் அந்த ஊரில் அதன்படி நடந்துவந்தார். அவர் பெயர் கொம்பையா. கோயில் தேருக்குக் கட்டை போடுவது அவருடைய ஊழியம்.

தேர் ஓடும்போது பார்ப்பவர் கண்ணெல்லாம் மேலே இருக்கும். மேலே சுவாமி, வெண்சாமரம், மாலை, மணி. ஆனால் அந்தப் பெரும் பாரத்தை நிறுத்துவதும் திருப்புவதும் மேலே இருப்பவர்கள் கையில் இல்லை. வடம் பிடிக்கும் கூட்டத்தின் கையிலும் இல்லை. சக்கரத்தின் பக்கத்திலேயே குனிந்தபடி ஓடி, உருளும் சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவே ஆப்பு போன்ற மரக்கட்டையைச் சொருகுகிற ஒருவன் கையில் இருக்கிறது. கட்டை பிசகினால் தேர் யார் வீட்டுக்குள்ளாவது போகும். கை பிசகினால் கை போகும். கொம்பையாவின் இடக்கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் இளவயதில் அப்படிப் போனவைதாம். "கையையே கேட்டிருக்கலாம். விரலோட விட்டாரே" என்று அதையும் வரவில் வைத்துக்கொண்டவர் அவர்.

தேர் ஓடுவது ஆண்டில் ஒரு நாள். மற்ற நாளெல்லாம் அது தேர்நிலையில் ஓலை போர்த்தி நிற்கும். கொம்பையா விடியலில் குளத்தில் முழுகி எழுந்து, நிலையில் நிற்கும் வெறுந்தேரைச் சுற்றிப் பெருக்குவார். கட்டைகளுக்கு வேப்பெண்ணெய் பூசுவார். பிறகு சக்கரத்தைத் தொட்டுக் கண்ணை மூடி நிற்பார். அப்போது அவருடைய உடம்பு நடுங்குவதைப் பலர் கண்டிருக்கிறார்கள். இந்த ஊழியத்துக்காக உச்சிக்காலப் பூசை முடிந்ததும் மடைப்பள்ளியிலிருந்து அவருக்கு ஒரு கட்டிச் சோறு கிடைக்கும். அதை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவி கோமு அம்மையும் அவரும் உண்பார்கள்.

பயத்தைத் தீர்க்கிற சுவாமியின் ஊரில் இப்படி ஒருவர் பயந்துகொண்டே இருந்தால் ஊர் சும்மா இருக்குமா? பயந்தாங்கொள்ளி கொம்பையா என்பதே அவருக்குப் பெயராயிற்று. வெயில் நேரத்தில் தேரின் அடிநிழலில் சீட்டு ஆடுகிற கூட்டம் ஒன்று உண்டு. அவர்களுக்கு அவர் ஒரு பொழுதுபோக்கு.

"கொம்பையாண்ணே, சாமி கோயிலுக்குள்ள இருக்காரு. இது வெறும் மரம். இதுக்கு எதுக்கு இம்புட்டு நடுக்கம்?"

"மரத்துக்கு நடுங்கலடே. அவரு உக்காருத எடம்லா."

"அப்ப இப்பவும் எங்க தலைக்கு மேலதான் உக்காந்திருக்காருங்கியளோ?"

"ஆமா. உங்கள்ல ஒருத்தன் சீட்டை மாத்தி வச்சதையும் பாத்துட்டுத்தான் இருக்காரு."

அன்று ஆட்டம் கலைந்தது. சுவாமிக்கு அஞ்சி அல்ல. மாற்றியது யார் என்கிற விசாரணையில்.

அந்த ஆண்டு ஆலடிமங்கலத்தில் அரிசிக்குப் பஞ்சம்; பயத்துக்குப் பஞ்சம் இல்லை. மழை மறுபடியும் பொய்த்திருந்தது. குளம் நடுவில் சேறு மட்டும் மிஞ்சி, கரையோரம் வெடித்துக் கிடந்தது. வயல்காரர் வானத்தைப் பார்த்துப் பயந்தார்கள். கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் மணியம் சிவஞானம் மேலதிகாரிகளைப் பார்த்துப் பயந்தார். சோதிடர்கள் தாங்கள் சொன்ன மழைக்குறியை யாராவது நினைவு வைத்திருப்பார்களோ என்று பயந்தார்கள். எல்லாரும் சேர்ந்து பயந்தது குற்றாலலிங்கம் முதலாளிக்கு.

குற்றாலலிங்கம் முதலாளி அரிசி ஆலைக்காரர்; கோயில் அறங்காவலர் குழுவின் தலைவர்; வாசல் கல்லில் பெரிய எழுத்தில் இருந்த பெயரும் அவருடையதே. அவருடைய கிட்டங்கியில் அரிசி மூட்டை கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. கதவைத் திறக்கச் சொல்லிப் போனவர்களிடம், "நெலமை சரியாவட்டும், தொறக்கேன்" என்பார். நிலைமை சரியானால் அவரிடம் யார் அரிசி கேட்கப் போகிறார்கள் என்று கேட்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை. நெற்றி நிறைய நீறு, கழுத்தில் உருத்திராக்கம், பேச்சுக்குப் பேச்சு "எல்லாம் அவன் செயல்." அரிசி விலையும் அவன் செயல்தான் என்று ஊரார் ஒருவாறு ஒப்புக்கொண்டார்கள்.

தெற்கு ரத வீதியில் அவர் புதிதாக மாடி வீடு கட்டியிருந்தார். தேர்த் திருவிழாவுக்கு ஓர் அமைச்சரை வரவழைக்க ஏற்பாடு. அமைச்சர் முதலாளி வீட்டு வாசலில் வந்து இறங்கி, அங்கேயே வடத்தைத் தொட்டு, அங்கேயே படம் பிடிக்கப்பட வேண்டும். அதற்குத் தேர் அந்த வாசலில் நின்று காத்திருக்க வேண்டும்.

இங்கே ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆலடிமங்கலத்தில் தேர் வீதி மூலைகளில் மட்டுமே நிற்கும். வீட்டு வாசல்களில் நிற்காது. ஏனென்றால், தேர் எந்த வீட்டு வாசலில் நின்று பொழுது சாய்கிறதோ, அந்த வீட்டார் தேர் நகரும்வரை வடம் பிடித்தவர் அத்தனை பேருக்கும் சோறு போட வேண்டும். தேர்ச்சோறு என்று இதற்குப் பெயர். ஏழை வீட்டு வாசலில் அந்தப் பாரம் இறங்கிவிடக் கூடாதென்று கொம்பையாவின் முன்னோர் மூலைக்கு மூலை தேரை ஓட்டிக்கொண்டே போனார்கள். யார் நினைவிலும் தேர் பொழுது சாய நின்றதில்லை. ஆகவே வழக்கம் எல்லாருக்கும் தெரியும். அதற்கு யாரும் பயப்படவில்லை.

மணியம் வந்து கூட்டிப்போக, கொம்பையா முதலாளி வீட்டு வாசலில் போய் நின்றார். முதலாளி ஊஞ்சலில் இருந்தார்.

"கொம்பையா, தேரன்னைக்கி நம்ம வாசல்ல கட்டை போட்டு நிறுத்தணும். மந்திரி வந்து தொட்டதும் எடுத்துரு."

"அது முடியாதுங்களே மொதலாளி."

ஊஞ்சல் நின்றது. அந்த வீட்டில் "முடியாது" என்ற சொல்லை அதுவரை முதலாளி மட்டுமே சொல்லியிருந்தார்.

"என்னவே சொன்னீரு?"

"ஒரு ஆளு வரதுக்காவ அவரை நடுத்தெருவுல நிக்க வைக்கவா? எனக்குப் பயமா இருக்கு."

"மந்திரிடே! சாதாரண ஆளா?"

"எந்த ஆளா இருந்தா என்ன, மொதலாளி? அவரு வாரப்ப நாமதான் காத்து நிக்கணும். நமக்காவ அவரு நின்னா ஊரு தாங்காது."

மணியம் இடையில் புகுந்தார். "கொம்பையா, யாருகிட்ட பேசுதோம்னு தெரிஞ்சு பேசும். மொதலாளி மேல ஒரு பயம் வேண்டாமா?"

"எனக்குள்ள பயம் எல்லாத்தையும் அங்க கொண்டு குடுத்துட்டேன் மணியம். மிச்சம் இல்ல" என்றார் கொம்பையா அடியார். கேலியாகச் சொல்லவில்லை. கையிருப்பைச் சொல்லும் கடைக்காரன்போலச் சொன்னார். அதனால்தான் முதலாளிக்கு அதிகமாக எரிந்தது.

அன்று மாலையே கட்டைகள் பறிக்கப்பட்டன. கட்டிச் சோறும் நின்றது. தலைமுறை தலைமுறையாக வந்த ஊழியம் போயிற்று. இனித் தேர்ச் சக்கரத்தைத் தொட்டால் காவல் நிலையத்தில் சொல்லிவிடுவதாகவும் மணியம் எச்சரித்தார். சோறு போனதைக் கேட்டபோது அசையாத கொம்பையா, சக்கரத்தைத் தொடக் கூடாது என்றதைக் கேட்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வீட்டில் கோமு அம்மை விடவில்லை.

"இந்தாரும், ஒரு நேரம் நிறுத்திட்டுப் போனா என்ன கொறைஞ்சு போவும்? அவரு என்ன பஸ்ஸா, நேரத்துக்குப் போய்ச் சேர?"

"எனக்குப் பயமா இருக்குட்டி."

"மொதலாளிகிட்ட பயமா இல்லையோ?"

"அவருகிட்ட என்ன பயம்? மிஞ்சிப் போனா சோத்தை நிறுத்துவாரு. அதான் நிறுத்தியாச்சே. இனிமே அவருகிட்ட என்ன இருக்கு?"

கோமு அம்மை அடுப்படிக்குப் போனார். காலிப் பானையைக் கவிழ்த்து வைத்தார். கவிழ்த்த சத்தம் கொஞ்சம் பலமாகவே கேட்டது.

தேர்நாள் வந்தது. வெளியூரிலிருந்து கட்டை போடும் ஆட்களை வரவழைத்திருந்தார்கள். முதலாளி வீட்டு வாசலில் வாழைமரம், தோரணம், "வருக வருக" என்று இருபுறமும் தூண் நட்ட அலங்கார வளைவு. வளைவின் அகலம் தேருக்குப் போதாது என்பதை முந்தின நாள்தான் கண்டுபிடித்தார்கள். தூண்களைப் பிடுங்கித் தள்ளி நட்டார்கள். பிடுங்கிய குழிகளை மணலைக் கொட்டி மூடி, மேலே கோலம் போட்டார்கள்.

காலையில் தேர் புறப்பட்டு, கிழக்கு வீதி கடந்து, தெற்கு வீதிக்குள் இறங்கி, முதலாளி வீட்டு வாசலுக்கு வந்தது. வெளியூர் ஆட்கள் சம்மட்டியால் ஓங்கி அறைந்து கட்டையை இறக்கினார்கள். தேர் நின்றது. ஊர் மூச்சு விட்டது. முதலாளி மாலையைக் கையில் ஏந்தி வீதி முனையைப் பார்த்தார்.

வெயில் ஏறிற்று. மாலை வாடிற்று. வேறு மாலை வந்தது. அதுவும் வாடிற்று. ஒலிபெருக்கியில், "இன்னும் சற்று நேரத்தில் மாண்புமிகு அமைச்சர்" என்று சொல்லிச் சொல்லி அறிவிப்பாளரின் குரல் கட்டிப்போயிற்று. பொழுது இறங்கும் வேளையில் ஒருவர் சைக்கிளில் வந்து மணியத்தின் காதில் ஏதோ சொன்னார். அமைச்சர் காலையிலேயே பக்கத்து ஊரில் ஒரு நகைக்கடையைத் திறந்துவைத்து, சாப்பிட்டு, தலைநகருக்குத் திரும்பிவிட்டாராம்.

"செரி செரி, கட்டையை எடுங்கடே!" என்றார் முதலாளி.

கட்டை வரவில்லை. முன் சக்கரம் கோலத்துக்கு அடியிலிருந்த மணலில் புதைந்து கட்டையைக் கவ்விக்கொண்டிருந்தது. அடித்தார்கள், நெம்பினார்கள், கூட்டம் வடத்தை இழுத்தது. தேர் வீட்டுப் பக்கமாகத் திரும்பிக்கொண்டதே தவிர நகரவில்லை. முதலாளி வீட்டு வாசலில், பயந்தீர்த்த நாதர் வீட்டைப் பார்த்தபடி வீற்றிருக்க, பொழுது சாய்ந்தது.

கூட்டத்தில் ஒரு கிழவர்தான் முதலில் சொன்னார். "தேர்ச்சோறுல்லா!"

மறுநாள் காலையில் முதலாளி வீட்டுப் பின்கட்டில் அடுப்பு மூட்டப்பட்டது. மூட்டாமல் இருக்க முதலாளிக்கு வழி இல்லை. வழக்கத்தை மீறினால் தலைவர் பதவி போகும் என்று மணியமே நடுங்கியபடி சொல்லிவிட்டார். கிட்டங்கிக் கதவு திறந்தது. முதல் பந்தியில் வடம் பிடித்தவர்கள் உண்டார்கள். செய்தி பரவியது. அன்று மாலைக்குள் ஆலடிமங்கலத்தில் வடத்தைத் தொடாத கை இல்லை. கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து தொட வைத்தார்கள். படுத்த படுக்கையாக இருந்தவர்களைக் கட்டிலோடு தூக்கிவந்தார்கள். பக்தி அந்த ஊரில் அவ்வளவு பெருகியதைச் சரித்திரம் கண்டதில்லை.

நாள்தோறும் காலையில் "அரகர மகாதேவா" என்று வானதிர முழங்கி வடத்தை இழுப்பார்கள். முழக்கம் மெய்யானது. இழுப்பைப் பற்றிக் கேட்கக் கூடாது. வெளியூர் ஆட்களும் கட்டையைத் தட்டிப் பார்ப்பார்கள், உண்பார்கள், மறுபடி தட்டிப் பார்ப்பார்கள். அவர்களும் ஊருக்குத் திரும்ப அவசரப்படவில்லை.

ஊரே உண்டது, ஒருவர் உண்ணவில்லை. கொம்பையா வடத்தைத் தொட்டவர் அல்லர். கோமு அம்மை மறுநாளே போய்த் தொட்டு, உண்டு, சேலைத் தலைப்பில் கொஞ்சம் முடிந்துவந்தும் நீட்டினார். அடியார் வாங்கவில்லை.

"வடத்தைப் பிடிக்காதவனுக்கு அது சேராது."

"பின்ன போய்ப் பிடியும். சக்கரத்தைத்தான தொடாதேன்னான். வடத்தையுமா?"

"நான் பிடிச்சு, தேரு நவுந்துட்டுன்னா?" என்றார் கொம்பையா. "பச்சைப்பிள்ளையெல்லாம் வயிறு நெறைஞ்சு ஒறங்குது. நான் போய்க் கெடுக்கவா? எனக்குப் பயமா இருக்குட்டி."

அவர் குளக்கரையில் கிடைத்த கீரையை அவித்துத் தின்று கிடந்தார். கன்னம் ஒட்டிற்று. காலையில் குளத்துச் சேற்றில் முழுகி எழுந்து, தேர் நிற்கும் திசையைப் பார்த்துக் கும்பிடுவார், கிட்டே போகமாட்டார்.

மணியம் தேடிவந்தார்.

"கொம்பையா, மொதலாளி ஒம்ம மன்னிச்சிட்டாரு. வந்து கட்டையை எடும்."

"நான் என்ன தப்பு செய்தேன், மன்னிக்கதுக்கு?"

"கிட்டங்கி பாதி காலியாயிட்டுவே! வீம்பு பண்ணாதேரும்."

"நிறுத்துனது நீங்க. எடுக்கச் சொல்ல வேண்டியது அவரு. அவரு ஊரு சாப்பிடுததைப் பாத்துட்டு இருக்காரு. நான் குறுக்க வரமாட்டேன். வேணும்னா போலீசுல சொல்லும்."

"ஒம்ம ஊழியத்தைத் திருப்பித் தாரேங்காரு, கட்டிச் சோறு ரெண்டாத் தாரேங்காரு..."

"பசிச்சவன்கிட்ட சோத்தைக் காட்டிப் பேசுதீரு. வெக்கமா இல்ல?"

மணியத்துக்கு வெட்கம் வந்ததா என்று தெரியவில்லை. வந்த வழியே போனார்.

இதற்கிடையே முதலாளிக்கு வேறொரு தொல்லை தொடங்கியிருந்தது. தேரில் சுவாமி வீற்றிருக்கும் உயரமும் அவருடைய மாடிக் கூடத்தின் உயரமும் ஒன்று. சன்னலைத் திறந்தால் நேரே சுவாமி முகம். மூடினால், மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் அந்த முகம் இருக்கிறது என்ற நினைப்பு. திரை போட்டார். காற்று திரையை விலக்கியது. கட்டிலைப் பின்கட்டுக்கு மாற்றினார். அங்கே ஊர் சாப்பிடும் சத்தம் கேட்டது. எத்தனையோ ஆண்டுகளாகச் சன்னிதியில் நின்று கண்ணை மூடிக் கும்பிட்டவர் அவர். கண்ணை மூடிக்கொண்டு கும்பிடுவதில் எவ்வளவு வசதி இருந்தது என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

ஒரு நாள் உச்சி வெயிலில், குடை இல்லாமல், செருப்பு இல்லாமல், குற்றாலலிங்கம் முதலாளி கொம்பையாவின் குடிசைக்கு வந்தார். கோமு அம்மை கவிழ்த்து வைத்திருந்த பானையை நிமிர்த்தித் தண்ணீர் மொண்டு கொடுத்தார். முதலாளி குடித்தார். பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

"கொம்பையா, எனக்குப் பயமா இருக்குவே."

அடியார் அவரைக் கூர்ந்து பார்த்தார்.

"யாருக்கு? ஊருக்கா? மந்திரிக்கா? கிட்டங்கி காலியாவுதுன்னா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லவே. அவரு என்னையவே பாத்துட்டு இருக்காரு. நான் போட்ட நீறைப் பாக்கல, கழுத்துல கெடக்கதைப் பாக்கல. என்னையப் பாக்காரு. கண்ணு மூடி எத்தனை நாளாச்சு தெரியுமா?"

கொம்பையா எழுந்தார். ஒட்டிப்போன முகத்தில் அத்தனை நாள் இல்லாத ஒரு வெளிச்சம் வந்தது.

"அப்பாடா! அதுக்குத்தான் நின்னிருக்காரு. மொதலாளி, பயந்தீர்ல? இனி நல்லாயிருப்பீரு. ஆனா ஒண்ணு கேக்கணும். தேரு நவுந்ததும் அடுப்புல இருந்து ஒலைப்பானையை எறக்கிருவீரா?"

முதலாளி வாயைத் திறந்தார். பழக்கத்தில் "நெலமை சரியாவட்டும்" என்றுதான் வந்திருக்கும். தெற்கு வீதிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். குடிசையிலிருந்து தேரின் உச்சி மட்டும் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டார். மறுபடி திறந்தபோது, "மழை பெய்யுத வரைக்கும் அடுப்பு எரியட்டும்" என்றார்.

"எங்கிட்ட சொல்லாதேரும். அங்க போய்ச் சொல்லும். ஊரு கேக்கச் சொல்லும்."

முதலாளி ஒலிபெருக்கியில் சொன்னார். ஊர் கேட்டது. முன்பு அரிசி கேட்டு அவர் வாசலில் நின்றவர்கள் இப்போது அவரை மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னார்கள். சொன்னார்.

கொம்பையா சக்கரத்தின் அடியில் புகுந்தார். தடுக்க வேண்டிய மணியம் வேறு பக்கம் பார்த்தார். அடியார் விரல் போன இடக்கையைக் கட்டையின் மேல் வைத்து, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற குரலில், "தகப்பனே, ஆளு பயந்துட்டாரு. போவமா?" என்றார். கட்டை கையோடு வந்தது. அன்று ஊரார் மெய்யாகவே வடத்தை இழுத்தார்கள். அடுப்பு அணையாது என்று தெரிந்தபின் இழுப்பதற்கு என்ன? தேர் குலுங்கி எழுந்து, மணலை உதறி, மேற்கு மூலை திரும்பி, வடக்கு வீதியும் சுற்றி, நிலைக்கு வந்து நின்றது. கூடவே குனிந்து ஓடிவந்த கொம்பையா கடைசிக் கட்டையைப் போட்டுவிட்டுச் சக்கரத்தில் நெற்றியை வைத்தார்.

அப்போது சுவாமி கழுத்திலிருந்த மாலை அறுந்து, நெடுந்தூரம் இறங்கி, அவர் முதுகில் விழுந்தது. அர்ச்சகர் கை தவறிவிட்டது என்பவர் உண்டு. தாம் மாலையின் பக்கமே இல்லை என்று அர்ச்சகர் சூடத்தின் மேல் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறார். அமைச்சருக்கென்று எடுத்துவைத்த பட்டுப் பரிவட்டத்தைக் குற்றாலலிங்கம் முதலாளியே கொம்பையாவின் தலையில் கட்டினார். கட்டத் தெரியாமல் கோணலாகக் கட்டினார். திருத்த யாரும் முன்வரவில்லை. அப்படியே அழகாக இருந்தது.

மழை அந்த வாரமே பெய்துவிடவில்லை. வெகுநாள் கழித்துத்தான் பெய்தது. அதுவரை தெற்கு ரத வீதியில் அடுப்பு எரிந்தது. ஒருவரும் பசியால் ஊரைவிட்டுப் போகவில்லை. கொம்பையா அதன்பின் நெடுங்காலம் இருந்து, ஆண்டுதோறும் கட்டை போட்டு, ஒரு தேர்நாளின் மறுநாள் நிலையின் அடியிலேயே பெருமானின் திருவடி சேர்ந்தார். ஒருவருக்கு அஞ்சியதனாலேயே உலகத்தில் வேறெதற்கும் அஞ்சாது நின்ற கொம்பையா அடியாரின் பெருமையை ஆலடிமங்கலம் இன்றும் சொல்லி உருகுகிறது.

கரப்பான்பூச்சி பறந்தால் மட்டும் உரல்மேல் ஏறி நின்றுகொண்டு கோமு அம்மையைக் கூப்பிடுவார்.